அரை நிமிடத்தில் சொல்ல முடியாத பதில்

சென்ற புதன்கிழமை காலை நிகழ்ச்சியில், போக்குவரத்துத் தகவலுக்கும் அடுத்த பாட்டுக்கும் நடுவே ஒரு நேயரின் குரல்பதிவு வந்தது. செங்காங்கிலிருந்து பேசியிருந்தார்.

"அக்கா, நாங்க திருச்சி. இங்க வந்து மூணு வருஷம் ஆச்சு. பையன் அடுத்த வருஷம் ஒண்ணாம் வகுப்பு. வீட்டுல தமிழ்தான். இங்க பள்ளிக்கூடத்துல சேத்தா தமிழ் போயிடுமோன்னு எனக்குப் பயம். தமிழ் தமிழ்னு பாத்தா இங்கிலீஷ்ல பின்தங்கிடுவானோன்னு அவருக்குப் பயம். உங்க பொண்ணுக்கு நீங்க எப்படி முடிவு பண்ணீங்க?"

என்னிடம் இருந்தது அரை நிமிடம். "அவசரப்படாதீங்க, வீட்டுக்குப் பக்கத்துல இருக்கிற பள்ளியை ஒரு தடவை போய்ப் பாருங்க" என்று சொல்லிவிட்டுப் பாட்டைப் போட்டேன். வேலை முடிந்து எம்ஆர்டியில் வரும்போது எனக்கே வெட்கமாக இருந்தது. அந்த முடிவை எடுக்க எங்கள் வீட்டில் ஏறக்குறைய ஓராண்டு பிடித்தது. அதை அரை நிமிடத்தில் சுருட்டிக் கொடுத்துவிட்டேன். அந்தத் தங்கைக்கும், அவரைப் போல ஜூலை மாதத்தை நினைத்துத் தூக்கம் வராமல் இருப்பவர்களுக்கும் இந்த வாரப் பக்கம்.

முதலில் எங்கள் நிலைமையைச் சொல்லிவிடுகிறேன். நான் குளுவாங் பிள்ளை. ஆறு ஆண்டுகள் தமிழ்ப்பள்ளியில் படித்தவள். கணிதம், அறிவியல் எல்லாமே தமிழில்தான் முதலில் காதில் விழுந்தன. இடைநிலைப்பள்ளிக்குப் போவதற்கு முன் மலாய் மொழிக்காக ஓராண்டு புகுமுக வகுப்பிலும் உட்கார்ந்தேன். என் கணவர் ஈப்போ. தேசியப் பள்ளியில் படித்தவர். தமிழ் சரளமாகப் பேசுவார், கவுண்டமணி வசனம் எல்லாம் மனப்பாடம், ஆனால் தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாது. நாங்கள் இருவரும் இங்கே நிரந்தரவாசிகள், வீடு ஈசூனில். மகளுக்கு இப்போது தொடக்கநிலை இரண்டு.

இந்தப் பிரச்சினை ஒரு தொலைபேசி அழைப்பில் தொடங்கியது என்றே சொல்லலாம். அவளுக்கு ஐந்து வயது. ஞாயிற்றுக்கிழமை காலை, குளுவாங்கிலிருந்து அம்மா வீடியோவில் வந்து, "பசியாறியாச்சாம்மா?" என்று கேட்டார். வழக்கமாக "ஆச்சு பாட்டி, தோசை" என்பாள். அன்றைக்கு, "ஆல்ரெடி" என்றாள். ஒரே சொல். சொல்லிவிட்டு விளையாடப் போய்விட்டாள். அம்மா சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

நாட்டு நிலவரமும் அப்படித்தான். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, ஐந்து வயதும் அதற்கு மேலும் உள்ள சிங்கப்பூர்வாசிகளில் 48.3 விழுக்காட்டினர் வீட்டில் அதிகம் பேசுவது ஆங்கிலம். தமிழ் என்று சொன்னவர்கள் 2.5 விழுக்காடு. அதனால்தான் திருச்சித் தங்கையின் கணவருடைய பயத்தை நான் அவ்வளவாகப் பெரிதுபடுத்தமாட்டேன். இங்கே 1987 முதல் எல்லாப் பள்ளிகளுக்கும் ஆங்கிலமே பயிற்றுமொழி. ஆசிரியர், நண்பர்கள், உணவகத்தில் வரிசை, பள்ளிப் பேருந்து, எல்லாம் ஆங்கிலம். தொடக்கநிலை ஒன்றில் சேரும்போதே வாசிப்பைச் சோதித்து, தடுமாறும் பிள்ளைகளைச் சிறு குழுவாக அழைத்துச் சொல்லிக்கொடுக்கும் கற்றல் ஆதரவு வகுப்பும் உண்டு. ஆங்கிலத்தைத் தாங்கிப் பிடிக்க ஊரே இருக்கிறது. தமிழுக்கு நாளில் ஒரு பாடவேளைதான்.

எங்கள் மேசையில் மூன்று வழிகள் இருந்தன.

ஒன்று, பேர்போன பள்ளி. எங்கள் வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். பெயரைச் சொன்னாலே லிஃப்டில் கூட வருபவர்கள் புருவத்தை உயர்த்துவார்கள். இரண்டு, எங்கள் புளோக்கிலிருந்து நடந்தால் ஏழு நிமிடத்தில் வரும் அக்கம்பக்கப் பள்ளி. மூன்றாவது வழி அம்மா கொண்டுவந்தது. "பிள்ளையை என்கிட்ட விட்டுடு. அண்ணன் பசங்க போற தமிழ்ப்பள்ளியிலயே சேத்துடுறேன். வெள்ளிக்கிழமை ஆனா நீங்க வந்து பாத்துக்குங்க."

மூன்றாவது வழியைக் கேட்டுச் சிலர் சிரிக்கக்கூடும். ஆனால் எங்களைப் போன்றவர்களுக்கு அது உண்மையான வழி. 2003 முதல் இங்கே நடப்பில் இருக்கும் கட்டாயக் கல்விச் சட்டம் சிங்கப்பூரில் வசிக்கும் குடிமக்களுக்கு உரியது. நிரந்தரவாசியின் பிள்ளையை அது கட்டிப்போடாது. நான் பல இரவுகள் அந்த வழியை மனத்துக்குள் நடந்து பார்த்தேன். அண்ணனின் மூத்தவன் வாய்ப்பாட்டைத் தமிழில் ஒப்பிக்கிறான், திடல் சண்டையைத் தமிழில் போடுகிறான், மலாயும் ஆங்கிலமும் கூடவே கற்கிறான். மூன்று மொழிகள். என் மகளுக்கு அது கிடைக்கும். கூடவே பாட்டியும் கிடைப்பார். அம்மாவும் அப்பாவும்தான் வாரத்துக்கு இரண்டு நாள். அந்த இரண்டு நாளிலும் பாதி உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடி வரிசையில் போய்விடும்.

அண்ணிதான் அதை முடித்துவைத்தார். "தமிழுக்காகப் பிள்ளையை இங்க அனுப்புறேன்னு சொல்றியே, அவ ராத்திரி கனவு கண்டு எழுந்தா உன்னை எந்த மொழியில கூப்பிடுவா? கூப்பிட்டாலும் நீ இருக்கமாட்டியே" என்றார். அதற்குமேல் நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அம்மாவுக்குக் கொஞ்சம் வருத்தம்தான். இன்றைக்கும் அதைச் சொல்லிக்காட்டுவார்.

மீதி இரண்டு. இங்கே தொடக்கநிலை ஒன்றுக்கான பதிவு முறையைத் தெரிந்துகொள்ளாமல் பள்ளியைப் பற்றிக் கனவு காண்பதில் பயனில்லை. புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். பதிவு கட்டங்களாக நடக்கும். முதல் கட்டம், அந்தப் பள்ளியில் ஏற்கெனவே அண்ணன் அக்காள் படிக்கும் பிள்ளைகளுக்கு. அடுத்த 2ஏ, பெற்றோரோ உடன்பிறப்போ அங்கே முன்பு படித்திருந்தால். பள்ளி வளாகத்திலேயே இருக்கும் கல்வி அமைச்சுப் பாலர் பள்ளியில் படித்த பிள்ளைகளும் இதில் வரலாம். சிறு பிள்ளை வைத்திருப்பவர்கள் இதைக் குறித்துவையுங்கள், அந்தப் பாலர் பள்ளிகளில் தமிழும் உண்டு, எங்களுக்கு யாரும் நேரத்தோடு சொல்லவில்லை. 2பி என்பது பள்ளிக்கு 40 மணி நேரம் தொண்டூழியம் செய்த பெற்றோர், சமூக அமைப்புகளோடு தொடர்புள்ளவர்கள் போன்றோருக்கு. இதில் எதுவுமில்லாதவர்கள் 2சி. அங்கேதான் நாங்கள்.

இடத்தைவிடப் பிள்ளைகள் அதிகமானால் தூரம் பார்ப்பார்கள். ஒரு கிலோமீட்டருக்குள், ஒன்றிலிருந்து இரண்டு, இரண்டுக்கு மேல். அப்போதும் மிஞ்சினால் கணினிக் குலுக்கல். பலருக்குத் தெரியாத ஒன்று, குடிமக்களுக்கெல்லாம் கொடுத்த பிறகுதான் நிரந்தரவாசிகள். அதாவது பள்ளிக்கு எதிர் புளோக்கில் குடியிருக்கும் நிரந்தரவாசிக்கு முன்னால், தீவின் மறுகோடியில் இருக்கும் குடிமகனின் பிள்ளைக்கு இடம். குறை சொல்லவில்லை, அவரவர் நாட்டில் அவரவர்க்கு முன்னுரிமை. ஆனால் தெரிந்துகொண்டு ஆசைப்பட வேண்டும். சில பள்ளிகளில் நிரந்தரவாசிகள் எத்தனை பேர் என்பதற்கு உச்சவரம்பும் இருக்கிறது.

2சியில் ஒரு பள்ளிக்குத்தான் விண்ணப்பிக்கலாம். பேர்போன பள்ளிக்குப் போட்டுக் கிடைக்காமல் போனால், அதற்குள் பக்கத்துப் பள்ளியும் நிறைந்திருந்தால், துணைக்கட்டத்தில் மிச்சமிருக்கும் பள்ளியைத் தேடி ஓடவேண்டும். அது எந்த வட்டாரத்தில் இருக்குமோ. நான் காலை நான்கே முக்காலுக்கு வீட்டைவிட்டுக் கிளம்புபவள். அவர் துவாஸ் போகவேண்டும். ஏழு வயதுப் பிள்ளை இருட்டில் பள்ளிப் பேருந்துக்கு நிற்பது எங்களுக்கு வெறும் கற்பனை இல்லை.

இரண்டு பள்ளிகளின் பொது வரவேற்பு நாளுக்கும் போனோம். பேர்போன பள்ளியில் எல்லாம் பளபளப்பு. ரோபோட் செய்யும் அறை, பரிசுக் கோப்பைகள், அழகான நூலகம். எங்களைச் சுற்றிக்காட்டியவரிடம், "தமிழ் வகுப்பு எப்படி நடக்கிறது?" என்று கேட்டேன். தமிழ் உண்டு என்றார். ஒரு நிலையில் எத்தனை பிள்ளைகள் தமிழ் எடுக்கிறார்கள் என்று கேட்டேன். விசாரித்து வந்து, "ஆறு பேர், சில ஆண்டு குறையும்" என்றார். தமிழ் அறையைப் பார்க்கலாமா என்றேன். தனி அறை இல்லை, எந்த அறை காலியோ அங்கே நடக்கும் என்றார். தவறாக எதுவும் சொல்லவில்லை அவர். ஆறு பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் என்றால் கவனிப்பு நன்றாகக்கூட இருக்கும். என் கணவர் அதைத்தான் சொன்னார், "டியூஷன் மாதிரி, நல்லதுதானே".

அக்கம்பக்கப் பள்ளியில் கோப்பைகள் குறைவு. சுவரில் சாயம் போன மீன் ஓவியம். ஆனால் தமிழறை என்று ஒன்று இருந்தது. வெளியே பிள்ளைகளின் காலணிகள் தாறுமாறாகக் கிடந்தன. இங்கே பள்ளிகளில் தாய்மொழிப் பாடவேளை வந்ததும் வகுப்பு கலையும், சீனம், மலாய், தமிழ் என்று பிள்ளைகள் பிரிந்து வேறு வேறு அறைக்குப் போவார்கள். அன்றைக்கு ஒரு விளக்கத்துக்காக வந்திருந்த மூத்த பிள்ளைகள் பத்துப் பதினைந்து பேர் அந்த நடைபாதையில் போய்க்கொண்டிருந்தார்கள். ஒருவன் இன்னொருவனிடம், "டேய் என் பென்சில் பாக்ஸ் எங்கடா?" என்றான். அவன், "எனக்கென்னடா தெரியும், போய் டீச்சர்கிட்ட கேளு" என்றான்.

அந்த இரண்டு வரிக்காகத்தான் நான் போயிருந்தேன் என்று அப்போதுதான் புரிந்தது. ஆசிரியர் கேட்காமல், தேர்வு இல்லாமல், பென்சில் பெட்டிக்காக ஒரு பிள்ளை தமிழில் சண்டை போடுவது. வகுப்பறைத் தமிழை நல்ல ஆசிரியர் யாரும் கொடுத்துவிடுவார். 2005இல் நடந்த பாடத்திட்ட மறுஆய்வுக்குப் பிறகு பேச்சுத் தமிழுக்கும் வகுப்பில் இடம் கிடைத்திருக்கிறது, அது பெரிய நன்மை. ஆனால் நடைபாதைத் தமிழை ஆசிரியர் கொடுக்க முடியாது. அதற்கு இன்னொரு பிள்ளை வேண்டும். ஆறு பேரில் என் மகளுக்குப் பிடித்த தோழி ஒருத்தி இருப்பாளா, அவள் வீட்டில் தமிழ் பேசுவார்களா? இருக்கலாம், இல்லாமலும் போகலாம். நாற்பது பேரில் ஒருத்தியாவது இருப்பாள்.

இதை வீட்டில் சொன்னபோது அவர் ஒத்துக்கொள்ளவில்லை. "எனக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. என்ன குறைஞ்சு போச்சு? வேலை பாக்கலையா, உன்னைக் கட்டிக்கலையா?" என்றார். நியாயமான கேள்வி. என்னிடம் பதில் இல்லை. தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வில் ஆங்கிலம், கணிதம், அறிவியல், தாய்மொழி நான்குக்கும் ஒரே எடை, தமிழில் நழுவினால் மொத்தப் புள்ளியும் நழுவும் என்று கணக்குப் போட்டுக் காட்டினேன். பொறியாளர் அல்லவா, கணக்கைப் பார்த்துத் தலையாட்டினார். மனம் மாறவில்லை.

மாறியது அந்த ஆண்டு ஏப்ரலில். மாமனார் காலமானார். காரியம் முடிந்து அலமாரியை ஒழித்தபோது, அடியில் இரண்டு கணக்கு நோட்டுகள் கிடைத்தன. சாயம் போன நீல அட்டை. மாமா தமிழில் எழுதிவைத்திருந்தார். யாருக்கு எவ்வளவு கடன் கொடுத்தது, யார் திருப்பியது, மகன் கோலாலம்பூரில் படித்தபோது மாதாமாதம் அனுப்பியது. நடுநடுவே ஒன்றிரண்டு வரிகள், "இன்று மகன் போன் செய்யவில்லை", "மகனுக்கு வேலை கிடைத்தது, கோவிலுக்குப் போனோம்". என் கணவர் பக்கங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எண்கள் மட்டும் புரிந்தன. கடைசியில் நோட்டை என்னிடம் நீட்டி, "படிச்சுச் சொல்லு" என்றார். அவருடைய அப்பா அவரைப் பற்றி எழுதியதை நான் அவருக்குப் படித்துக் காட்டினேன். சில வரிகளை மெதுவாகப் படித்தேன். ஒன்றிரண்டு வரிகளை இருமுறை கேட்டார்.

பள்ளியைப் பற்றி அதற்குப் பிறகு நாங்கள் பேசவே இல்லை. ஜூலையில் 2சி திறந்த அன்று சிங்பாஸில் நுழைந்து பக்கத்துப் பள்ளியைத் தேர்ந்தெடுத்தது அவர்தான். இடம் போதுமான அளவு இருந்ததால் குலுக்கல் வரவில்லை. அதற்கு முந்தின நாள் இரவு அவர் தூங்கினாரா என்று எனக்குத் தெரியாது, நான் தூங்கவில்லை.

இப்போது நல்லதை மட்டும் சொல்லி ஏமாற்றக்கூடாது. அந்தப் பள்ளியில் குறைகள் இருக்கின்றன. மகள் ஆசைப்பட்ட நடன வகுப்பு இணைப்பாடத்தில் இல்லை. வகுப்பில் சத்தம் அதிகம் என்கிறாள். பேர்போன பள்ளியில் சேர்ந்த அவளுடைய பாலர் பள்ளித் தோழி ஆங்கிலக் கதைப் புத்தகங்களை விழுங்கித் தள்ளுவதைப் பார்க்கும்போது எனக்குள் ஒரு முள் குத்தும். தமிழ் வகுப்பிலும் ஒரு சிக்கல் வந்தது. வீட்டில் "வந்துட்டுப் போறேன்" என்று பேசுகிற பிள்ளைக்கு, பயிற்சித்தாளில் "வந்துவிட்டுப் போகிறேன்" என்று எழுதச் சொன்னால் அது மூன்றாவது மொழி போலத் தெரிகிறது. முதல் சொல்வதெழுதலில் பத்துக்கு நான்கு. வீட்டில் தமிழ் பேசுகிற பிள்ளைக்கு நான்கா என்று அவமானப்பட்டது நான்தான், அவள் இல்லை. அவளுடைய தமிழாசிரியர், "பேச்சு அவகிட்ட இருக்கு, எழுத்து வரும், நீங்க திருத்தாம பேசவிடுங்க" என்றார். வானொலிக்காரிக்கு அது கடினமான வேலை. உச்சரிப்பைத் திருத்தித்தானே சம்பளம் வாங்குகிறேன்.

செங்காங் தங்கைக்கு இப்போது நேராக வருகிறேன். நீங்கள் வேலை அனுமதியில் இருப்பதாகத் தெரிகிறது. அப்படியானால் உங்கள் பிள்ளை அனைத்துலக மாணவர். மற்றக் கட்டங்களெல்லாம் முடிந்து மிஞ்சும் இடங்களுக்கு மூன்றாம் கட்டத்தில்தான் வரமுடியும். அதற்கு முன் இணையத்தில் விருப்பப் படிவம் கொடுக்கவேண்டும், அதன் தேதியைத் தவறவிடாதீர்கள். இடம் உறுதி கிடையாது, கட்டணமும் எங்களைவிட அதிகம். அதனால் எந்தப் பள்ளி என்ற கேள்வி உங்களுக்கு இரண்டாவது. எத்தனை ஆண்டு இங்கே இருக்கப்போகிறீர்கள் என்பதுதான் முதலாவது. இரண்டு மூன்று ஆண்டில் திருச்சிக்குத் திரும்புவது உறுதியென்றால், சிபிஎஸ்இ பாடத்திட்டம் நடத்தும் அனைத்துலகப் பள்ளிகளையும் பாருங்கள். ஆனால் அங்கே இரண்டாம் மொழியாகத் தமிழ் இருக்கிறதா, பெயருக்கு இருக்கிறதா என்று கேட்டுவிட்டுக் கட்டணம் கட்டுங்கள். 2006இல் கொண்டுவந்த சட்டத்தால் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் தமிழ் கட்டாயப் பாடமாகியிருக்கிறது. ஊருக்குத் திரும்பிய பிள்ளை நான்காம் வகுப்பில் உட்கார்ந்து அ, ஆ எழுதக்கூடாது.

இங்கேயே தங்குவதாக இருந்தால், உள்ளூர்ப் பள்ளியில் இடம் கிடைத்தால் யோசிக்காமல் சேருங்கள். எல்லாப் பள்ளியிலும் தமிழ் கிடையாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். சிறப்பு உதவித் திட்டப் பள்ளிகளில் தாய்மொழி சீனம் மட்டும்தான். கல்வி அமைச்சின் இணையத்தளத்தில் பள்ளிவாரியாக எந்தத் தாய்மொழி உண்டு என்று பார்க்கலாம். பார்த்துவிட்டு நேரில் போய், ஒரு நிலையில் தமிழ்ப் பிள்ளைகள் எத்தனை பேர் என்று கேளுங்கள். கேட்கக் கூச்சமாக இருந்தால் பள்ளி விடும் நேரத்தில் வாசலில் பத்து நிமிடம் நில்லுங்கள். தாத்தா பாட்டிகள் எந்த மொழியில் பையை வாங்கிக்கொள்கிறார்கள் என்பது காதில் விழும்.

மற்றபடி, வீட்டில் தமிழ் பேசுவதை நிறுத்திவிட்டு ஆங்கிலத்துக்குப் பயிற்சி கொடுக்கிறேன் என்று உங்கள் கணவர் கிளம்பினால், தயவுசெய்து தடுத்துவிடுங்கள். ஆங்கிலம் அவனைத் தேடி வரும்.

என் மகளுக்கு இப்போது ஒரு தோழி. தென்காசிப் பக்கத்துக் குடும்பம், வந்து ஓராண்டு ஆகிறது. இரண்டு பேரும் தமிழறைக்குப் போகிற வழியில் பேசியே தாமதமாகி, இருமுறை குறிப்பேட்டில் புகார் வந்துவிட்டது. போன வாரம் அந்தப் பிள்ளையிடம் இவள், "பசியாறிட்டியா?" என்று கேட்டிருக்கிறாள். அவள், "அப்படின்னா என்ன? சாப்டியான்னுதான் கேக்கணும்" என்றிருக்கிறாள். இவள் இல்லை என்றிருக்கிறாள். தமிழாசிரியரிடம் போயிருக்கிறார்கள், அவர் இரண்டும் சரி என்றிருக்கிறார். அது இவளுக்குப் போதவில்லை. வீட்டுக்கு வந்ததும் என் கைப்பேசியைப் பிடுங்கிப் பாட்டியை அழைத்தாள்.

அம்மா அவருடைய அப்பா தோட்டத்தில் பால்மரம் வெட்டிய காலத்திலிருந்து ஆரம்பித்தார். விடியற்காலை மரம் வெட்டப் போய், பத்து மணிக்கு நிறுத்திப் பசியாறுவது, தூக்குச்சட்டியில் என்ன இருக்கும், யார் யாரோடு பகிர்ந்துகொள்வார்கள், எல்லாம். இவள் நடுநடுவே "அப்புறம்?", "அவங்க ஏன் வீட்டுல சாப்பிடல?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். கொஞ்சம் ஆங்கிலமும் கலந்துதான். நாற்பது நிமிடம் ஆயிற்று. மறுநாள் அதிகாலை நிகழ்ச்சி, நான் எட்டரைக்கே படுக்கவேண்டும். கைப்பேசியைக் கேட்டேன். கையால் "இரு" என்று சைகை காட்டிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.